சாயும் மரத்துக்குத் தாமதம், நிற்கும் மரத்துக்கு வாள்

கொழும்பில் மழையும் காற்றும் சேர்ந்து வந்துவிட்டால் மரத்தடியில் ஒதுங்கவே மக்கள் அஞ்சுகிறார்கள். அதே கொழும்பில், பழைய வீடு இடிபட்டுத் தொடர்மாடி எழும்பும் காணிகளில் எந்தக் குறையுமில்லாத மரங்கள் ஒரே காலைப் பொழுதில் காணாமற் போகின்றன. விழப்போகிற மரத்தை அகற்றச் சொல்லி அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருக்கிறது. நன்றாக நிற்கிற மரத்தைத் தறிப்பதற்கோ பெரும்பாலும் எவரிடமும் கேட்க வேண்டியதில்லை. மரம் பற்றிய நமது விதிகள் தலைகீழாகக் கிடக்கின்றன. அவற்றை நிமிர்த்த வேண்டிய நேரம் எப்போதோ வந்துவிட்டது.

2023 ஒக்டோபர் 6, வெள்ளிக்கிழமை காலை. கொட்டும் மழையில் தெனியாய நோக்கிப் புறப்பட்ட இலங்கை போக்குவரத்துச் சபை பஸ் ஒன்றின் மீது, கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி சந்திக்கு அருகே பெருமரம் ஒன்று சாய்ந்தது. ஐந்து பேர் உயிரிழந்தார்கள். பலர் காயமடைந்தார்கள். அவர்கள் மரத்தடியில் வண்டியை நிறுத்தியவர்களும் அல்ல, எச்சரிக்கையை மீறியவர்களும் அல்ல. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த நாளில் கொழும்பு மாநகர சபையில் மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர் ஒருவர்கூட இருக்கவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்திருந்தது. தேர்தல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்து 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக, "எங்கள் வீதி மரத்தை யார் பார்ப்பது?" என்று கேட்க ஒரு வட்டார உறுப்பினர் இல்லை. இப்போது இருக்கிறார்கள். ஆகவே இந்தக் கேள்வியை இப்போது கேட்பதில் பொருள் உண்டு.

விபத்து நடந்தால் நாம் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். சில கிழமைகளுக்குக் கண்ணில் படுகிற பெரிய மரங்களையெல்லாம் சந்தேகப்படுகிறோம். பிறகு அடுத்த விபத்து வரை மறந்துவிடுகிறோம். முதலாவது நிழலை அழிக்கிறது, இரண்டாவது உயிரைப் பறிக்கிறது.

சட்டம் எந்த மரத்தைப் பார்க்கிறது?

தனியார் காணியில் நிற்கும் மரத்தைப் பற்றி நம் மக்களுக்கு அதிகம் தெரிந்த சட்டம் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம். பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை உங்கள் சொந்தக் காணியிலேயே ஆனாலும் அனுமதியின்றித் தறிக்க முடியாது. அன்று அரசாங்க அதிபரின் கையில் இருந்த இத்தகைய அதிகாரங்கள், 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு பிரதேச செயலாளரிடம் வந்து சேர்ந்தன.

பட்டியலைப் பார்த்தாலே அதன் நோக்கம் விளங்கிவிடும். அது பசியை நினைத்து எழுதப்பட்ட சட்டம். பலா இந்த நாட்டில் சோற்றுக்கு ஈடாக நின்ற மரம். பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வி. டயஸ் என்ற பெரியவர் நாடு முழுவதும் பலாக்கன்று நடச் சொல்லி இயக்கம் நடத்தியதற்காகவே, சிங்கள மக்கள் அவரைப் 'பலா மாமா' என்ற பொருளில் இன்றும் நினைவுகூருகிறார்கள். பெண் பனையோ பழமும் கிழங்கும் ஒடியலுமாக வடக்கின் வயிற்றை நிரப்பியது. ஆண் பனை காய்க்காது, ஆகவே சட்டம் அதைத் தொடவில்லை.

அந்த நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. நெருக்கடிக் காலத்தில் ஒரு பலா மரம் ஒரு வீட்டுக்கு என்ன செய்யும் என்பதை 2022இல் நாம் எல்லோரும் பார்த்தோம். ஆனால் இன்றைய கொழும்பில் மரத்திடம் நாம் எதிர்பார்ப்பது உணவை மட்டுமல்ல. நிழலை எதிர்பார்க்கிறோம், தூசியை மறிக்கும் இலையை எதிர்பார்க்கிறோம், மழைநீரைக் குடிக்கும் மண்ணை எதிர்பார்க்கிறோம். 1951ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இவை எதுவும் தெரியாது.

வெள்ளவத்தையில் பனை மரத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே வளவுகளில் நிற்பவை மா, வேம்பு, தென்னை, முருங்கை, எங்காவது ஒரு நாவல். இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத வேம்பு ஒன்று பட்டியலில் இல்லாததால், காணிக்காரர் அந்தச் சட்டத்தின் கீழ் எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. பக்கத்து வளவில் நிற்கிற, காய்ப்பை நிறுத்தி உள்ளே உளுத்துப்போன பலாவுக்கோ முழு நடைமுறையும் உண்டு.

வேறு சட்டங்களும் இருக்கின்றன. 1937ஆம் ஆண்டின் வன விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அரிய தாவர இனங்களைக் காக்கிறது. 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டத்தின் கீழ், தறித்த மரத்தைக் கொண்டுசெல்வதற்கு இனத்தைப் பொறுத்துத் தனி அனுமதிப்பத்திரம் தேவைப்படும். இவையும் இனத்தின் பெயரைத்தான் கேட்கின்றன. மரத்தின் வயதையோ பருமனையோ, அது நிற்கிற இடத்தையோ கேட்பதில்லை.

இனப் பட்டியலை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு கம்பஹா ஒரு பாடம். நாட்டிலிருந்தே அழிந்துபோனதாக 2012இல் பதியப்பட்ட ஓர் அரிய மரம் 2019இல் தரலுவையில் வீதியோரம் கண்டுபிடிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில், மத்திய அதிவேகப் பாதைக்காக அதை வெட்டப் போகிறார்கள் என்றதும் ஊரவர்களும் சூழலியலாளர்களும் திரண்டார்கள். பிக்குமார் வந்து மரத்துக்குக் காவித் துணி சுற்றினார்கள். அந்த மரத்துக்குக் குரல் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். பெயர் தெரியாத வேம்புக்கு யார் வருவார்கள்?

வெள்ளவத்தையில் நடப்பது

1983க்குப் பிறகும், அதைவிடக் கூடுதலாகத் தொண்ணூறுகளிலும் வடக்கு கிழக்கிலிருந்து வந்து குடியேறியவர்களால் வெள்ளவத்தை நெருங்கியது. காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஓடும் ஒழுங்கைகளில் முன்பு முற்றமும் பின்வளவும் உள்ள தனி வீடுகள். இன்று அதே காணிகளில் ஆறு மாடி, பத்து மாடி. மக்களுக்கு வீடு வேண்டும், அதைத் தவறென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வீடு இடிக்கும் இயந்திரம் வருவதற்கு முதல்நாளே இயந்திர வாள் வந்துவிடுகிறது. கட்டட வரைபடம் அதிகாரிகளின் மேசைக்குப் போகும்போது காணி ஏற்கெனவே வெறும் தரை. அங்கே ஒரு மரம் நின்றது என்பதற்குச் சாட்சியே இல்லை.

அதன் விளைவை மக்கள் உடம்பில் உணர்கிறார்கள். பகல் வெயிலில் ராமகிருஷ்ண வீதியிலிருந்து சந்தை வரை நடந்து போகிற ஒரு வயோதிபருக்கு ஒதுங்க ஒரு நிழல் இல்லை. மேல் மாடிகளில் இரவிலும் சுவர் சூடு விடுவதில்லை, குளிரூட்டி ஓடாமல் தூங்க முடிவதில்லை, மின்கட்டணம் ஏறுகிறது. வளவு முழுவதும் கொங்கிரீட் போட்டு மூடியபின் மழைநீர் போக வீதியைத் தவிர வழியில்லை. அரை மணி நேர மழைக்கு ஒழுங்கை முழங்காலளவு தண்ணீரில் நிற்கிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பின்வளவில் ஒரு பலா மரம் பக்கத்து வீட்டுக் கூரைப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் கிராம உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்க வேண்டும், காணி தன்னுடையது என்று காட்ட வேண்டும். அவர் வந்து பார்த்துப் பரிந்துரைக்க வேண்டும். அது திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். இதெல்லாம் நேர்மையாக நடந்தாலும் நாள் எடுக்கும்.

வெள்ளவத்தையில் இதற்குமேல் ஒரு சிக்கல் உண்டு. உறுதி ஸ்காபரோவில் இருக்கிற மூத்த அண்ணன் பெயரில் இருக்கும். அல்லது இறந்துபோன தகப்பன் பெயரிலேயே மாற்றப்படாமல் கிடக்கும். வீட்டில் இருப்பவர் வாடகைக்காரர், அல்லது வீட்டைப் பார்த்துக்கொள்ளும் தூரத்து உறவினர். மரம் அவருடைய பிள்ளைகள் படுக்கிற அறைக்கு மேலே நிற்கிறது. ஆனால் விண்ணப்பிக்க உரிமை அவருக்கில்லை. தொடர்மாடியின் பொது இடத்தில் நிற்கும் மரமென்றால் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் கூடி முடிவெடுக்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு ஆட்களைச் சேர்ப்பது எவ்வளவு கடினமென்று தொடர்மாடியில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

மரம் பக்கத்து வீட்டுக்காரருடையது என்றால் நிலைமை இன்னும் மோசம். வாய்ப்பேச்சு சண்டையாகி, பொலிசுக்குப் போய், மத்தியஸ்த சபைக்குப் போய், சிலவேளை நீதவான் நீதிமன்றம் வரை போகிறது. அதற்கிடையில் ஒரு பருவமழை வந்து போய்விடும்.

யாருடைய மரம்?

வீதியோர மரமென்றால் முதற் கேள்வியே அதன் சொந்தக்காரர் யார் என்பதுதான். காலி வீதி ஏ2 நெடுஞ்சாலை, அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. அதிலிருந்து பிரியும் ஒழுங்கைகள் மாநகர சபையினுடையவை. கடற்கரையோரமாகப் போகும் தண்டவாளத்தின் ஓரம் புகையிரதத் திணைக்களத்தின் காணி. கிளை மின்கம்பியில் உரசினால் மின்சார சபை. மரம் மதிலுக்கு உள்ளே வேரூன்றி வீதிக்கு மேலே கவிழ்ந்திருந்தால் காணிக்காரர். காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு ஐந்து நிமிட நடை. அந்தத் தூரத்துக்குள் இத்தனை சொந்தக்காரர்கள்.

ஒவ்வொருவரும் தம் வேலையை மட்டும் செய்கிறார்கள். மின்சார சபை ஆட்கள் கம்பியைக் காக்க ஒரு பக்கக் கிளைகளை மட்டும் வெட்டிவிட்டுப் போகிறார்கள். பாரம் மற்றப் பக்கம் சரிகிறது. குடிநீர்க் குழாய்க்கும் தொலைபேசிக் கம்பிக்கும் கால்வாய்க்கும் தோண்டுகிறவர்கள் குறுக்கே வந்த வேரை அறுத்துவிட்டு மூடுகிறார்கள். நடைபாதைக்குக் கல் பதிப்பவர்கள் அடிமரம்வரை சீமெந்து பூசிவிடுகிறார்கள். நீர் இறங்காது, காற்றுப் போகாது, புது வேர் பிடிக்காது.

மாரா மரம் என்று கொழும்பில் எல்லோரும் அறிந்த தூங்குமூஞ்சி, தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து நிழலுக்காகக் கொண்டுவரப்பட்டது. வேரும் கிளையும் அகலப் பரப்பி நிற்கும் அதன் உறுதி, பக்கவாட்டு வேர்களில்தான் இருக்கிறது. அவற்றை அறுத்துவிட்டு, பிறகு காற்றைக் குற்றம் சொல்வது நியாயமில்லை.

1921இல் நகரத் திட்ட வல்லுநர் பற்றிக் கெடிஸ் கொழும்புக்குத் திட்ட அறிக்கை எழுதியபோது, இதைக் கிழக்கின் பூங்கா நகரமாக்கலாம் என்று கண்டார். அந்தக் காலத்து நிழல் மரங்கள் பல இன்று முதுமையில் நிற்கின்றன. முதுமை ஒரு குற்றமல்ல. ஆனால் முதிய மரத்துக்குப் பராமரிப்பு வேண்டும், ஆண்டுக்கு ஒரு தடவையாவது அறிந்தவர் கண்பார்வை வேண்டும். கைகோடரியும் கயிறும் பிடிக்கத் தெரிந்த தொழிலாளர் மட்டும் போதாது.

கொட்டாஞ்சேனைக்கு வேறு கதை

வடக்கே கொட்டாஞ்சேனையில் பிரச்சினை வேறு முகம் காட்டுகிறது. ஜம்பட்டா வீதி, புதுச்செட்டித்தெருப் பக்கம் போனால் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டி நிற்கிறது. தறிக்க மரமே அரிது. நிற்கிற பெரிய மரங்கள் பெரும்பாலும் கோயில், தேவாலய, பள்ளிக்கூட வளவுகளில்தான். புனித லூசியா பேராலயத்தைச் சுற்றியும் பொன்னம்பலவாணேசர் ஆலயப் பக்கமும் உள்ள மரங்களுக்கு ஏதேனும் ஆனால் அந்தப் பகுதிக்கு மாற்று நிழல் கிடையாது.

அங்கே ஆபத்து வேறு இடத்திலிருந்து வருகிறது. பழைய கட்டடங்களின் பீலியிலும் சுவர் வெடிப்பிலும் முளைக்கும் அரசும் ஆலும். காகம் போட்ட விதை. முதலாம் வருடத்தில் விரலால் பிடுங்கி எறியலாம். அரசங்கன்றைத் தொடப் பலருக்குத் தயக்கம். பௌத்தருக்கும் சைவருக்கும் அது வழிபடும் மரம், அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் பத்து வருடம் விட்டால் வேர் சுவரைப் பிளந்துகொண்டு கீழே இறங்கிவிடும். அப்போது மரத்தோடு சுவரும் போக வேண்டியதுதான். கீழே கடை வைத்திருப்பவரும் மேலே வாடகைக்கு இருப்பவரும்தான் நட்டப்படுகிறார்கள். கன்றாக இருக்கும்போதே மண்ணோடு எடுத்துக் கோயில் வளவிலோ விகாரை வளவிலோ நட்டுவிடும் வழக்கம் ஊர்ப்புறங்களில் உண்டு. மாநகர சபை அதற்கு உதவி செய்தால் சமயத் தலைவர்களே முன்வருவார்கள்.

கொட்டாஞ்சேனை கொழும்பு பிரதேச செயலகத்துக்குள் வருகிறது, வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாயவுக்குள். மாநகர சபை ஒன்று, பிரதேச செயலகம் இரண்டு. பலா மரமென்றால் ஒரு வாசல், வீதி மரமென்றால் இன்னொரு வாசல். இந்த வேறுபாடு சாதாரணக் குடிமகனுக்கு ஏன் தெரிந்திருக்க வேண்டும்?

நம் உறவுகள் வாழும் நகரங்கள்

வெளிநாட்டு உதாரணம் சொன்னால் "அங்கே எல்லாம் சரி, இங்கே நடக்குமா?" என்று கேட்பார்கள். ஆனால் நம் சொந்த உறவுகளே அந்த விதிகளின் கீழ்தான் வாழ்கிறார்கள்.

ரொறன்ரோவில், தரையிலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் அளந்து விட்டம் 30 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேல் இருந்தால், அது உங்கள் வீட்டு முற்றத்து மரமானாலும் நகரசபை அனுமதி வேண்டும். என்ன இனம் என்பது கேள்வியே இல்லை. மீறினால் மரமொன்றுக்கு 1 இலட்சம் டொலர் வரை தண்டம் விதிக்கலாம். அதேவேளை, செத்துப்போன மரத்துக்கும் உடனடியாக விழக்கூடிய மரத்துக்கும் விதிவிலக்கு உண்டு. மரம் அறிந்தவரின் அறிக்கையைக் காட்டினால் போதும். ஆரோக்கியமான மரத்துக்குக் கடினம், ஆபத்தான மரத்துக்கு இலகு. நமக்கு வேண்டியது இந்த வரிசைதான்.

இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் மரத்தில் கை வைக்குமுன் உள்ளூர் சபைக்கு ஆறு கிழமை முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். அந்த ஆறு கிழமைக்குள் சபை வந்து பார்த்து, வேண்டுமானால் அந்த ஒரு மரத்துக்கே பாதுகாப்பு ஆணை போடலாம். சிங்கப்பூரில் மரப் பாதுகாப்பு வலயங்களிலும் வெறுங்காணிகளிலும் சுற்றளவு 1 மீற்றரைத் தாண்டிய மரத்துக்கு அனுமதி கட்டாயம். நிலத்துக்கு நம்மைவிட நெருக்கடி உள்ள நாடு அது, கட்டடங்களும் நம்மைவிட உயரம்.

டில்லியின் 1994ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் தனியார் காணி மரத்தையும் விட்டுவைக்கவில்லை. 2025 மார்ச்சில் இந்திய உச்ச நீதிமன்றம், உத்தரப் பிரதேசத்தின் மதுரா பகுதியில் அனுமதியின்றி வெட்டப்பட்ட 454 மரங்களுக்கு, மரமொன்றுக்கு 1 இலட்சம் ரூபாய் வீதம் கட்டச் சொன்னது.

டில்லி அனுபவத்தில் எச்சரிக்கையும் இருக்கிறது. ஒரு மரத்துக்குப் பதில் பத்துக் கன்று என்ற கணக்கு காகிதத்தில் அழகாகத் தெரியும். ஆனால் கன்றை எங்கே நடுகிறோம், அடுத்த கோடையில் யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று பார்க்காவிட்டால் அது மரத்தை வெட்டுவதற்கான கட்டணமாக மாறிவிடும். வெள்ளவத்தையில் போன நிழலுக்கு நகருக்கு வெளியே எங்கோ நட்ட கன்று பதிலாகாது.

என்ன செய்யலாம்?

முதல் வேலை, இனப் பட்டியலோடு அளவையும் சேர்ப்பது. மாநகர எல்லைக்குள் மார்பளவு உயரத்தில் சுற்றளவு 1 மீற்றரைத் தாண்டிய எந்த மரமானாலும், யாருடைய காணியானாலும், தறிக்குமுன் அனுமதி வேண்டும் என்று ஓர் உபவிதி. பாராளுமன்றத்தில் புதுச்சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாநகர சபைக் கட்டளைச் சட்டம் சபைக்கு உபவிதி ஆக்கும் அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது.

அதோடு ஒட்டி, கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது காணியின் அளவைப்படத்தில் நிற்கிற மரங்களையும் குறிக்கச் செய்ய வேண்டும். பழைய வீட்டை இடிப்பதற்கு முன்பே இது நடக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். எல்லா மரத்தையும் காப்பாற்ற முடியாது. ஆனால் பத்து மாடியின் ஒரு மூலையைச் சற்று நகர்த்தினால் தப்பக்கூடிய மரம் எவ்வளவோ. அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவரும் இல்லாததால்தான் அவை போகின்றன.

இரண்டாவது, ஆபத்து முறைப்பாட்டுக்கு ஒரே வாசல். வீதி யாருடையது, மரம் என்ன இனம், உறுதி யார் பெயரில் என்றெல்லாம் முறைப்பாடு கொடுப்பவரிடம் கேட்கக் கூடாது. வாடகைக்காரர் சொன்னாலும் வழிப்போக்கர் சொன்னாலும் 48 மணி நேரத்துக்குள் ஒருவர் வந்து பார்க்க வேண்டும். பார்த்தவர் எழுத்தில் தர வேண்டும்: விழும், விழாது, அல்லது கிளை குறைத்தால் போதும். விழும் என்றால் பலாவோ ஈரப்பலாவோ, அந்த அறிக்கையே பிரதேச செயலகத்துக்குப் போதுமான ஆதாரமாக வேண்டும். எந்த நிறுவனத்துக்கு எந்தச் செலவு என்பதை அவர்கள் பிறகு தங்களுக்குள் பார்த்துக்கொள்ளட்டும். தனியார் காணியில் செலவைத் தாங்க முடியாத வறிய குடும்பமென்றால் சபையே செய்துகொடுக்க வேண்டும். நெருங்கிய ஒழுங்கையில் உயர்ந்த மரத்தைத் துண்டு துண்டாக இறக்குவது செலவான வேலை. காசில்லாததாலேயே பலர் வாய் திறப்பதில்லை.

அந்த அறிக்கையை எழுத, மரம் பற்றிப் படித்த அலுவலர்கள் வேண்டும். பேராதனையிலும் ஸ்ரீ ஜயவர்தனபுரவிலும் தாவரவியலும் வனவியலும் படித்து வெளியேறும் இளைஞர்கள் இருக்கிறார்கள். மாநகர சபை வருமானத்தில் சிலரை நியமிப்பது பெரிய சுமையல்ல.

மூன்றாவது, வீதி தோண்டும் அனுமதியில் வேரைப் பற்றி ஒரு நிபந்தனை. அடிமரத்திலிருந்து குறித்த தூரத்துக்குள் இயந்திரம் கொண்டு தோண்டக் கூடாது, சீமெந்து பூசக் கூடாது. மீறியவர் அடுத்த அனுமதிக்கு வரும்போது தண்டம். கொள்ளுப்பிட்டி போன்ற இன்னொரு காலையைத் தவிர்க்க நான் அறிந்தவற்றில் ஆகக் குறைந்த செலவுள்ள வழி இது.

பெரிய வீதி மரங்களுக்கு இலக்கம் போட்டு, கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்பதையும் சேர்த்து மூன்று மொழிகளிலும் வெளியிட வேண்டும். ஆரோக்கியமான பொது மரத்தைத் தறிக்க முடிவெடுத்தால், 14 நாட்களுக்கு முன்பே அந்த மரத்தில் அறிவித்தல் பலகை தொங்க வேண்டும்: காரணம் என்ன, அனுமதித்தவர் யார், பதிலுக்கு எதை எங்கே நடப்போகிறார்கள் என்று. அந்தப் பதில் மரம் அதே வட்டாரத்துக்குள் நடப்பட வேண்டும்.

இவையெல்லாம் வரும்வரை நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் வீதி மரத்தின் அடியில் காளான் முளைத்திருக்கிறதா, ஒரு பக்கத்து மண் வெடித்து மேலெழுந்திருக்கிறதா, நேராக நின்ற மரம் அண்மையில் சாயத் தொடங்கியிருக்கிறதா, இலை காலத்துக்கு ஒவ்வாமல் உதிர்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள், படத்தோடும் திகதியோடும். பிரதியில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உடனடி ஆபத்தென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐயும், மரம் விழுந்து ஆட்கள் சிக்கியிருந்தால் தீயணைப்புப் படையின் 110ஐயும் அழையுங்கள்.

தமிழில் எழுதினால் எடுபடாது என்று எண்ணி வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பலர் முறைப்பாட்டையே விட்டுவிடுகிறார்கள். அரச அலுவலகத்துடன் தமிழில் தொடர்பு கொண்டு தமிழிலேயே பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பு உங்களுக்குத் தந்திருக்கிறது. பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. "எங்கள் வீதி மரங்கள் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டன?" என்று ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். தகவல் தருவார்களா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு செய்து சொல்லியாக வேண்டும்.

இனி, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாக்குக் கேட்டு வென்ற மாநகர சபை உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் எந்தக் கட்சியானாலும் இது கட்சி பிரிக்கும் விடயமல்ல. 1951ஆம் ஆண்டுச் சட்டம் பலாவையும் பனையையும் காக்கட்டும். எஞ்சிய மரங்களையும், அவற்றின் கீழே நடக்கிற மனிதர்களையும் காக்கும் உபவிதியின் வரைவை அடுத்த தென்மேற்குப் பருவமழைக்கு முன் சபையில் முன்வையுங்கள்.